முப்பத்தேழு பேருக்கு ஒரே வாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை.

எங்கள் ஆசிரியர் சங்கம் இந்த 1965ஆம் ஆண்டில் ஒரு மலர் வெளியிடுகிறது. ஹட்டன் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற எல்லாருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊரில் நாலு பேர் அன்றாடம் எப்படி இங்கிலீஷ் பேசுகிறார்களோ, அதற்காக இலக்கண விதிகள் வளைந்துகொடுக்க வேண்டுமா, வேண்டாமா? பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையைக் கொட்டி வருகிறவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

வளையவே கூடாது. ஏனென்றால்

அங்கேயே நின்றது. ஏனென்றால் என்ன? யோசிக்க யோசிக்க ஒன்றும் வரவில்லை. தாளைக் கசக்கிவிட்டு இன்னொன்றை எடுத்தேன்.

வளையத்தான் வேண்டும். ஏனென்றால்

அதுவும் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. இப்படியே ஏழு தாள் போயிற்று. மேற்கொண்டு தாள் வாங்கப் பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே புத்தகமும் பேனாவும் விற்கிற மஃறூப் நானா, "எதுக்கு சேர் இவ்வளவு தாளு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதப் பூரணி டீச்சர்கிட்டல்ல கேட்டிருக்கணும். அவங்கதான் இதுல மாட்டி முழி பிதுங்கினவங்க."

யார் பூரணி டீச்சர் என்று கேட்டேன். கடைக்கு வந்தவர்களுக்குப் பென்சிலும் தபால் முத்திரையும் கொடுத்துக்கொண்டே அரைமணி நேரத்தில் முழுவதையும் சொன்னார். அந்த டீச்சர் மாற்றலாகிப் போய்ப் பல வருடமாம். இப்போது எங்கே இருக்கிறார் என்று நானாவுக்கும் தெரியாது. ஆகவே நீங்கள் வாசிக்கப்போவதில் பாதி மஃறூப் நானா சொன்னது, மீதி நான் இட்டுக்கட்டியது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். எழுதத் தொடங்கிய பிறகு எனக்கே அது குழம்பிவிட்டது.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) 'பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேல் பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்த' — வேண்டாம். மலைநாட்டுக் கதை என்றால் அழையா விருந்தாளியாகப் பனிமூட்டம் வந்து முதல் வரியில் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

(ஆ) 'இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்ல என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டமோ, நீண்ட காலம் தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததை நிரூபிப்பவர்கள் விண்ணப்பித்தால்' — இது கதையின் வரி இல்லை, பாடப்புத்தகத்தின் வரி. ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது. ஆகவே வெட்டாமல் விட்டுவைக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மனு ஏற்கப்பட்டால் இங்கே இருக்கலாம். தள்ளப்பட்டால் எந்த நாட்டுக்கும் ஆகாதவர். எப்போது வேண்டுமானாலும் 'உன் நாட்டுக்குப் போ' என்று கடலுக்கு அக்கரையைக் காட்டுவார்கள், அக்கரையைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும்.

(இ) பூரணி டீச்சருக்குப் பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

இதுதான் சரி. இங்கிருந்து தொடங்குகிறேன்.

பூரணி டீச்சருக்குப் பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒத்தப்பாலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியை. கங்காணி ஒருவரின் மகள். மிஷன் பள்ளி விடுதியில் தங்கி இங்கிலீஷ் படித்தவர். ஒருமுறை, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் தோட்ட ஆபீஸ் ஓர் அறிவித்தலை ஒட்டியிருந்தது. அவர் அந்த வழியாகப் போனார். சிவப்புப் பென்சிலை எடுத்து அதில் நான்கு இடங்களில் திருத்திவிட்டுப் போய்விட்டார். தோட்டத்துத் துரை அதைக் கண்டுகொள்ளவில்லை. அதை எழுதிய மேற்பார்வையாளர் கண்டாக்கையாதான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

1951இல் பிரஜாவுரிமை மனுக்களுக்குக் கடைசி நாள் நெருங்கியபோது தோட்டத்து ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். மனுவோடு ஒரு வாக்குமூலமும் வைக்க வேண்டும். எங்கே பிறந்தேன், எப்படி வாழ்ந்தேன், இந்த நாட்டை விட்டு எங்கும் போனதில்லை என்று விண்ணப்பிக்கிறவர் தன் சொல்லால் சொல்ல வேண்டும். அதை இங்கிலீஷில் எழுத வேண்டும். பூரணி பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த வேலைக்கு உட்கார்ந்தார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். வந்தவர் பேசப் பேசக் கேட்பார். சுற்றி வளைத்துச் சொல்வதைத் தள்ளிவிடுவார். மனக்கணக்குப் போட்டு எல்லாவற்றுக்கும் வருடமும் மாதமும் கொடுப்பார். முடிவில், இரண்டு நாள் யோசித்துச் செதுக்கிய ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'இத்தீவே என் பிறப்பிடம், இத்தீவே என் இருப்பிடம், இதனையன்றி வேறொரு வாழ்விடத்தை நான் அறியேன்.' இலக்கணத்தில் ஓர் ஊசிமுனை அளவுகூடக் குறை சொல்ல முடியாத வாக்கியம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதனால்தானோ என்னவோ, எழுதிக்கொடுத்த முப்பத்தேழு வாக்குமூலங்களிலும் அதுவே இருந்தது. முப்பத்தேழில் ஒன்று அவருடையது.

முதலாவதாக எழுதியது காளியாயிக்கு. கொழுந்து பறிக்கிறவர், புருஷனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய லயத்து வரிசைவீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, "கேக்க நல்லா இருக்குங்க டீச்சரம்மா" என்றார். அது இங்கிலீஷ் என்பதால் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

3

இப்போது ஆண்டியப்பன் வர வேண்டும். இந்த ஆள்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் கச்சிதமாகப் பேசுகிறார். நிஜ மனிதர்கள் அப்படிப் பேசுவார்களா? மஃறூப் நானாவிடம் கேட்டேன். "அவரு இதவிடப் பேசுவாரு சேர்" என்றார். சரி, நானாவை நம்பி உள்ளே விடுகிறேன்.

ஆண்டியப்பன் துரை பங்களாவில் சமையல்காரர். தோட்டத்தில் அந்த வேலைக்காரரை அப்பு என்பார்கள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். ஆனாலும் நான்கு துரைமாரிடம் இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷிலேயே பேசி வேலை பார்த்தவர்.

'மாஸ்டர் கோ ஃபேக்டரி ஃபினிஷ், லஞ்ச் நோ

[இந்த வரியை வெட்டுகிறேன். அவருடைய இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோமாளி இல்லை. என் பேனா அவரைக் கோமாளி ஆக்குகிறது. ஆகவே அவர் இங்கிலீஷில் சொன்னதை எழுதிக் காட்டப்போவதில்லை.*]

* 'அப்படியானால் பூரணியின் இங்கிலீஷை மட்டும் ஏன் செந்தமிழில் எழுதிக் காட்டினாய்?' என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அவரும் மனு எழுதப் பூரணியிடம்தான் வந்தார். துரை முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, தன் வாழ்க்கையை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். பூரணி இரண்டு வரி எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தமிழ்ல சொல்லுங்கண்ணே. நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன்."

"இப்ப சொன்னது இங்கிலீசுதானுங்களே."

"இது இங்கிலீஷ் இல்லண்ணே. ஒரு விதிக்கும் கட்டுப்படாம நிக்குது."

"விதி கெடக்கட்டும் டீச்சரம்மா. இருவத்திரெண்டு வருசமா நாலு தொரைமாரு இதத்தான் கேட்டாங்க. ஒருத்தரும் பட்டினி கெடந்ததில்ல."

"அவங்க உங்களுக்காக எறங்கி வர்றாங்க. விசாரிக்கிற அய்யா எறங்கி வருவாரா?"

"எறங்கி வந்தாரோ ஏறி வந்தாரோ, தொரையும் எங்கிட்ட இப்படியேதான பேசுறாரு? அப்ப அவருக்கும் இங்கிலீசு தெரியாதுங்களா?"

பூரணி பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "நாலு பேரு பேசுறாங்கன்னு தப்பு சரியாயிருமா?" என்றார்.

"நாலு பேரு பேசி, நாலு பேருக்கு வெளங்குனா, அப்புறம் அதுல என்னங்க தப்பு?"

பாருங்கள், என் கட்டுரை முழுவதையும் இவர்கள் இரண்டு பேரும் பத்து வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் முடிவு? பூரணி பேசும்போது நான் தலையாட்டுகிறேன். ஆண்டியப்பன் பேசும்போதும் அதே தலை அதே மாதிரி ஆடுகிறது.

ஆண்டியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க படிச்சவங்க, உங்க மனசுக்கு ஒப்பல" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தார். மஃறூப் நானாவுக்கு அப்போது எழுத்துக் கூட்டி எழுதுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆண்டியப்பன் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் மாற்றாமல், மாற்றத் தெரியாமலும், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

4

விசாரணை 1953இல் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அன்றைக்கு ஒத்தப்பாலத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டவர்கள் இரண்டு பேர், ஆண்டியப்பனும் காளியாயியும். துணைக்குப் பூரணியும் போனார்.

ஆண்டியப்பனை முதலில் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி அவருடைய தாளை வாசித்தார். வாசிக்கும்போதே, சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு துடித்தது. பூரணி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அதிகாரி கேட்ட கேள்விகள் அந்தத் தாளிலிருந்தே கிளம்பின. எந்தத் துரைக்குப் பூண்டு ஆகாது? மூன்றாவது துரையின் நாய் எங்கே புதைக்கப்பட்டது? ஆண்டியப்பன் தன் இங்கிலீஷிலேயே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கால்மணி நேரத்தில் மனுவை ஏற்பதாக அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது காளியாயி. அதிகாரி தாளைக் கையில் எடுத்தார். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். இத்தீவே என் பிறப்பிடம் என்று தொடங்கி அறியேன் என்று முடியும்வரைக்கும், ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"இந்த வாக்கியம் என் மேசைக்கு முப்பத்தேழு தடவை வந்திருக்கிறது" என்றார் அவர். "முப்பத்தேழு பேருக்கு ஒரே வாயா?"

பூரணி எழுந்து நின்றார். "எழுதியது நான்தான்" என்றார். இலக்கணப்படி மிகச் சரியான இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் காளியாயியின் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். டவுன்காரர், சட்டை கசங்காதவர்.

"இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?"

"டீச்சரம்மா நல்லதாத்தான் எழுதியிருப்பாங்க" என்றார் காளியாயி.

"உன் புருஷன் எப்போது இறந்தார்?"

"ஏழாம் நம்பர் மலையில மூணாவது கவ்வாத்து வெட்டுன வருசங்க."

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. தோட்டத்தில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் இந்த வெட்டை வைத்தே சொல்வார்கள். மலை என்றால் நம்பர் போட்ட தேயிலைக்காடு. மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. அவர் காளியாயியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "தெரியாது என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அதிகாரி தாளைத் தட்டிக் காட்டினார். "இங்கே வருடமும் இருக்கிறது, மாதமும் இருக்கிறது. தாளுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியவில்லை."

பூரணி அப்போது எழுந்திருக்கலாம். மொழிபெயர்த்தது தவறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் 1951இல், பள்ளிக்கூட மேசையில், இதே பதிலைக் கேட்டுத் தானும் அதைத் தள்ளிவிட்டுத்தானே விரல் மடக்கிக் கணக்குப் போட்டோம் என்ற நினைவு வந்து அவரை உட்கார்த்திவிட்டது. அவமானமாக இருந்தது. அது தன் அவமானமா காளியாயியின் அவமானமா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. இரண்டு வாரம் தவணை கொடுத்தார். காளியாயி தன் சொந்தச் சொல்லில் புதிய வாக்குமூலம் தர வேண்டும், இங்கிலீஷில். அதை வைத்து அவர் மனுவைத் தீர்மானிப்பார். மற்ற முப்பத்தாறையும் அதன் பிறகு பார்ப்பார்.

5

[இந்த இடத்தில் பஸ் பயணம் ஒன்று எழுதியிருந்தேன். வளைவுகள், பள்ளம், வாந்தி எடுக்கிற ஓர் ஆள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். மூன்று பேரும் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.]

பூரணியின் சிக்கலை இப்போது நேராகச் சொல்கிறேன். காளியாயியின் சொந்தச் சொல் தமிழ். அதிகாரிக்கு வேண்டியது காளியாயியின் சொந்த இங்கிலீஷ். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. பூரணி சரியான இங்கிலீஷில் எழுதினால், 'இதுவும் டீச்சரின் வாய்' என்று தள்ளிவிடுவார்கள். பிழையான இங்கிலீஷில் எழுதினால் நம்புவார்கள். ஆனால் அந்தப் பிழைகள் காளியாயியுடையவை அல்லவே, பூரணி வேண்டுமென்று செய்தவை. உண்மையைச் சொல்லும் வாக்குமூலத்துக்குப் பொய்யான பிழைகளா? இதில் எது யோக்கியம்?

நான் இதை எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

பூரணிக்கு இரண்டு நாள் சும்மா இருக்க வசதி இல்லை. பெரட்டுக்களத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் முன்போல் கும்பிட்டார்கள். ஆனால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள். முப்பத்தாறு குடும்பம். ஒருவரும் ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பங்களாவின் பின்வாசல் வழியாகக் குசினிக்குப் போனார். ஆண்டியப்பன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க இங்கிலீஷ எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்றார் பூரணி.

ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் சிரித்திருந்தால் பூரணி திரும்பிப் போயிருப்பார். அவர் சிரிக்கவில்லை.

6

இந்தப் பகுதிக்காகத்தான் கதை எழுதுகிறேனோ என்று ஒரு சந்தேகம்.

பூரணி காளியாயியின் கதையை ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தார். படித்த விதிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்திருந்தார். காலத்தை மாற்றிப் போட்டார், ஒருமையைப் பன்மையாக்கினார், இருக்க வேண்டிய சின்னச் சொற்களை எல்லாம் பிடுங்கி எறிந்தார். அதை ஆண்டியப்பனுக்கு வாசித்துக் காட்டினார்.

ஆண்டியப்பன் முழுவதையும் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இப்படி யாரும் பேச மாட்டாங்க டீச்சரம்மா."

"ஏண்ணே? பிழையாத்தானே எழுதியிருக்கேன்?"

"பிழைதாங்க. ஆனா நம்ம பிழை இல்ல."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலை முடிந்துபோனதைச் சொல்லும்போது கடைசியில் ஒரு சொல் போட வேண்டும், டீச்சர் போடவில்லை. அது இல்லாவிட்டால் முடிந்ததா முடியவில்லையா என்று துரைக்கு எப்படித் தெரியும்? யாரைப் பற்றிய பேச்சோ அவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும், டீச்சர் நடுவில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். இந்தச் சொல்லைப் பெரியவர்களிடம் சொல்லக்கூடாது, சமையல் எடுபிடிகளிடம்தான் சொல்லலாம். இதை எப்போதும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், ஒரு தடவை சொன்னால் கோபமாகப் பேசுவதாக நினைப்பார்கள். இப்படி அவர் ஒன்பது இடத்தில் திருத்தினார்.

பூரணி ஒன்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஒரு விதியும் இல்லாத இங்கிலீஷ் என்று தான் சொன்னதற்குள் இத்தனை விதியா? அதையும் மீறினால் அங்கேயும் பிழையா? அப்படியென்றால் எது எதற்காக வளைய வேண்டும்? விதி பேச்சுவழக்குக்காகவா, அல்லது ஒரு விதி இன்னொரு விதிக்காகவா?

[சங்க மலருக்கு இதையே எழுதி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். 'வழக்குக்கும் ஓர் இலக்கணம் உண்டு' என்று தலைப்புக்கூடப் போட்டேன். பிறகு நாளைக்கு என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆண்டியப்பன் மாதிரி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மை போடுவேனா மாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போடுவேன். ஏன் என்று கேட்டால்

விடுங்கள்.]

"ஆனா ஒன்னு டீச்சரம்மா" என்றார் ஆண்டியப்பன். "இதெல்லாம் பங்களாப் பேச்சு. காளியாயி ஒரு நாளும் பங்களாவுக்குள்ள வந்ததில்ல. எம் பேச்ச எழுதிக் குடுத்தீங்கன்னா, அது அவ வாயில்ல, எம் வாயி."

பூரணிக்கு அழுகை வந்தது. குசினியில், வெங்காயத்தின் பக்கத்தில், கொஞ்சம் அழவும் செய்தார். ஆண்டியப்பன் வேறு பக்கம் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

7

அன்றைக்கே பூரணி காளியாயியின் காம்பராவுக்குப் போனார். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஓர் அறை. காளியாயி கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தார். மூத்த மகள் லெட்சுமி அடுப்பூதினாள்.

"அக்கா, முன்ன எங்கிட்ட சொன்னீங்கள்ல, அத மறுபடி சொல்லுங்க. இந்தத் தடவ நான் குறுக்க பேசல."

"நான் என்னத்தச் சொன்னேன், எல்லாம் மறந்துபோச்சு" என்றார் காளியாயி. பிறகு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நான் பொறந்தது எட்டாம் நம்பர் மலையில காடழிச்சுக் கன்னு வச்ச வருசம். எங்கம்மா சொல்லுவாங்க. ஏழாம் நம்பர்ல மொத கவ்வாத்துல எனக்குக் கல்யாணம். ரெண்டாவது வெட்டுல இவ பொறந்தா. வெட்டுன மெலாறுக் குச்சி கெடக்குமுல்ல, அதக் கட்டிக்கிட்டு வந்துதான் புள்ள பெத்த ஒடம்புக்குத் தண்ணி காய வச்சாங்க. சின்னவ, வெட்டுன செடி துளுத்துப் பறிக்கிற மட்டத்துக்கு வந்தப்ப. மூணாவது வெட்டுல அவரு போயிட்டாரு. எழவு வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தேத்தண்ணி வச்சதும் அதே வெறகுதான். நாலாவது வெட்டு போன வருசம். நான் கொழுந்து பறிச்ச மலையெல்லாம் நாலு தடவ வெட்டித் துளுத்திருச்சு. நான் எங்கயும் போகலீங்க. போறதுக்கு எனக்கு எங்க எடம்?"

பூரணி எழுதிக்கொண்டார். தோட்ட ஆபீசில் கவ்வாத்துப் புத்தகம் இருக்கிறது. எந்த மலையை எந்த வருடம் வெட்டினார்கள் என்று முப்பது வருடத்துக்கு மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள். காளியாயி சொன்ன ஒவ்வொரு வெட்டையும் யாரும் அந்தப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தான் கணக்குப் போட்டுக் கொடுத்த வருடம் மாதத்துக்குத்தான் எந்த ஆதாரமும் இல்லை. இது விளங்கியபோது பூரணிக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பிறகு அதை இங்கிலீஷாக்க உட்கார்ந்தார். எந்த இங்கிலீஷ்? விடுதியில் படித்ததா, குசினியில் கேட்டதா? நான் மஃறூப் நானாவை இந்த இடத்தில் குடைந்து குடைந்து கேட்டேன். அவர் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். கார்பன் தாள் வாங்க வந்தபோது டீச்சர் காட்டினாராம். "ஒரு பக்கம்தான் சேர். சின்னச் சின்ன வரி. சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். ஆகவே நானே எழுதிப் பார்த்தேன். இலக்கணத்தோடு எழுதினால் மெலாறும் தண்ணியும் வேறு யாருடையதோ ஆகிவிடுகின்றன. இலக்கணம் இல்லாமல் எழுதினால் காளியாயி தெளிவில்லாதவர் ஆகிவிடுகிறார். அவரோ இந்தக் கதையிலேயே தெளிவாகப் பேசுகிற ஆள்.

பூரணி எப்படியோ எழுதினார். காளியாயி எந்த வரிசையில் சொன்னாரோ அந்த வரிசையில், அவர் மூச்சுவிட்ட இடத்தில் நிறுத்தி எழுதினார். சில இடத்தில் விதி நின்றது, சில இடத்தில் நிற்கவில்லை. முடித்த பிறகு பழக்க தோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வாசித்தார். எங்கே திருத்துவதென்று தெரியவில்லை. அப்படி அவருக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. அப்படியே தபாலில் போட்டுவிட்டார்.

8

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உச்சி வெயில், பள்ளிக்கூடத்து வாசல். தபால் பையிலிருந்து கடிதத்தை ஆபீசில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். காளியாயி மலையிலிருந்து நேரே வருகிறார், முதுகில் கொழுந்துக் கூடை. உறையைப் பூரணியிடம் நீட்டுகிறார்.

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) பூரணியின் முகம் மலர்ந்தது. 'அக்கா, நம்பிட்டாங்க' என்று — இதை எழுதியபோது எனக்கே இனித்தது. உடனே எழுந்தது ஓர் எண்ணம்: பார்த்தாயா, விதி வளைந்தது, வழி பிறந்தது. கட்டுரைக்குத் தோதான முடிவு.

(ஆ) பூரணி தாளை மடித்தார். 'தள்ளிட்டாங்கக்கா' என்று — இதையும் எழுதினேன். இப்போது உங்களில் சிலர் சொல்வீர்கள்: ஒழுங்காக இலக்கணத்தோடு எழுதியிருந்தால் இப்படி நடந்திருக்குமா? அதுவும் கட்டுரைக்குத் தோதுதான்.

(இ) விசாரணைக்கு மறுபடி அழைக்கிறார்கள். இது கோழையின் முடிவு. எழுதுகிறவன் தப்பித்துக்கொள்வான். காளியாயி தப்ப மாட்டார்.

நடந்தது என்ன என்பது மஃறூப் நானாவுக்குத் தெரியும். என்னிடம் சொல்லியும்விட்டார். ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. எந்த முடிவை எழுதினாலும் அது என் கட்டுரைக்குச் சாட்சி ஆகிவிடும். ஒரு பெண்ணுக்குக் குடியிருக்க இடம் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்து எது நல்ல இங்கிலீஷ் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இப்போது இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து நம்மைத் தலை எண்ணி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டிருக்கிற காலத்தில், என்னால் அது முடியாது. மலருக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கடிதத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. ஐந்து வரி நீளம். பூரணி பழக்கத்தில் பிழை தேடினார், ஒன்றுகூட இல்லை. பொருளும் விளங்கியது. இனி அதைச் சொல்ல வேண்டும். அங்கேதான் அவருக்கு வாய் வரவில்லை, எனக்கும் பேனா வரவில்லை.

ஆகவே கடிதத்தை உங்களிடம் தருகிறேன். பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்தவர்கள். அது உங்களுக்கு விளங்கும். காளியாயிக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தை நிறுக்கிற பகல் நிறுவைக்கு நேரமாகிவிட்டது. காளியாயி கூடையை இறக்கவில்லை. நீங்கள் தாளைப் பார்ப்பதையும் தன்னைப் பார்ப்பதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அதுல எழுதியிருக்கிறதெல்லாம் எனக்கு வேணாங்க" என்கிறார். "நாங்க இருக்கலாமா, போகணுமா? அத மட்டும் சொல்லுங்க."